தூள் விற்க ஜெட்டில் போனது

எங்கள் தூள் மில்லில் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். வட்டுக்கோட்டைக்குக் கொஞ்சம் உள்ளே, தோட்டக் காணிகளுக்கு நடுவில் இருக்கிற சின்ன மில். மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வேறுவேறாக வறுத்து, ஆறவிட்டு, அரைத்து, பைக்கற்றில் அடைக்கிறோம். வறுக்கிறது அவர்கள். அரைக்கிறது நான். விசிட்டிங் கார்ட் வைத்திருக்கிறது மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணை. மில்லில் சரிபாதிப் பங்கு. அவருடைய கார்டில் மனேஜிங் டிரெக்டர் என்று போட்டிருக்கிறது. எனக்கும் ஒரு கார்ட் அடிப்போம் என்று சொல்லி, பெயருக்குக் கீழே என்ன போடுகிறது என்று அச்சகத்தில் கேட்டார்கள். வெறுமையாக விடச் சொன்னேன். எதையாவது போட்டால் அதைப்பற்றி யாராவது கேள்வி கேட்பார்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு என்னுடையது. ஒருவர் "நீங்கள் என்ன..." என்று தொடங்கினாலே எனக்கு மெசின் பக்கம் ஏதோ அலுவல் வந்துவிடும்.

அந்த வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. கடைகளில் பெரிய கம்பனித் தூள் முன்வரிசையில் நிற்க, எங்கள் தூள் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. புது ஓடர் ஒன்று வராவிட்டால் தைப்பொங்கலோடு இரண்டு பெண்களை நிற்பாட்டவேண்டும், சித்திரைக்குள் மற்ற நாலு பேரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தவேண்டும் என்று மச்சான் சொன்னார். சொல்வது அவருக்குச் சுகம். அந்தப் பெண்களிடம் போய்ச் சொல்லவேண்டியது நான். அவர்களில் மூத்தவ ஒருத்தி இருக்கிறா. எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சட்டியில் மல்லி வெடிக்கிற சத்தத்தை வைத்தே இறக்குகிற நேரத்தைச் சொல்லுவா. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். நான் அவவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வதை ஒவ்வொரு நாளும் காலையில் ஒத்திகை பார்த்து, ஒவ்வொரு நாளும் பின்னேரம் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

அப்படியிருக்கத்தான் கொழும்பில் ஒரு சுப்பர்மாக்கெற் கம்பனியில் இருந்து அழைப்பு வந்தது. எங்கள் தூளைப்பற்றிக் கேள்விப்பட்டார்களாம். திங்கட்கிழமை பதினொன்றரைக்கு மாதிரிப் பைக்கற்றுகளோடு நேரில் வரட்டாம். நாடு முழுக்க இருக்கிற அவர்களின் கடைகளில் வைக்கிற யோசனையாம்.

ஞாயிறு இரவு பஸ் எடுத்தால் விடியக் கொழும்பு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று நான் நினைத்தேன். மச்சான் சாத்திரியாரிடம் போனார். ஞாயிறு கரிநாள் என்றார் சாத்திரியார். முக்கியமான அலுவலுக்கு அன்றைக்கு வெளியில் கால் வைக்கக் கூடாது. திங்கள் காலை ஆறிலிருந்து ஏழு மட்டும் நல்ல நேரம். ஆனால் திங்கள் காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டுப் பதினொன்றரைக்குக் கொழும்பில் நிற்கக்கூடிய பஸ்ஸும் இல்லை, றெயினும் இல்லை.

"அப்ப பறக்கத்தான் வேணும்" என்றார் மச்சான். சோகமாகச் சொல்லவில்லை.

பலாலி விமான நிலையத்தில் ஒரு தனி விமானம் யாரையோ கொண்டுவந்து இறக்கிவிட்டு, திங்கள் காலை வெறுமையாகக் கொழும்புக்குத் திரும்பப் போகிறது என்று ஒரு புரோக்கர் மூலம் அறிந்துவந்தார். எங்கள் ஊரில் இது எல்லாருக்கும் விளங்குகிற விஷயம். கொழும்புக்கு ஆள் இறக்கப் போன வான் வெறுமையாகத் திரும்பும்போது அரை விலைக்குப் பிடிப்போமே, அந்த றிட்டேர்ன் ஹயர்தான். வானுக்குப் பதிலாக ஜெட், அவ்வளவுதான். ஒரு போக்கு மட்டும். திரும்பி வருவது எங்கள் பாடு. அரை விலை என்று புரோக்கர் சொன்ன தொகையை என் மனைவி ஒருமுறைதான் கேட்டாள். திருப்பிச் சொல்லும்படி கேட்கவில்லை.

"மச்சான், இது வேணுமோ?" என்று கேட்டேன்.

"உவங்கள் கொழும்பில ஆளின்ரை சப்பாத்தைப் பாத்திட்டுத்தான் கதிரை தருவாங்கள். பஸ்ஸில போய்க் கசங்கின சேட்டோட நிண்டால் பத்துப் பைக்கற்றுக்கு ஓடர் தருவாங்கள். ஜெட்டில வந்த ஆக்கள் எண்டால் வேறை கதை. நீர் சும்மா இரும்."

நான் சும்மா இருக்கவில்லை. பயந்தேன். முதல் பயம் தூளுக்காக. மேலே போகப் போகக் காற்று மெல்லிசாகும், ஒட்டின பைக்கற் ஊதும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஊதி வெடித்தால்? மூடின விமானத்துக்குள் வறுத்த மிளகாய்த்தூள் பறந்து விமானியின் கண்ணுக்குள் போனால்? புரோக்கருக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்றாம் தரம் அந்த ஆள், விமானிக்கு விஷயத்தைச் சொல்லிவிடுவதாகவும் நான் தயவுசெய்து இனி எடுக்கவேண்டாம் என்றும் சொன்னான்.

ஞாயிறு பின்னேரம் புரோக்கரே எடுத்தான். விமானம் எட்டே முக்காலுக்குத்தான் கிளம்பலாமாம். அனுமதி அப்படித்தான் கிடைத்ததாம். அப்படியென்றால் நாங்கள் வீட்டிலிருந்து ஏழே முக்காலுக்கு வெளிக்கிடவேண்டும். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது மட்டும் ராகுகாலம். முழு ஜெட்டையும் பிடித்தது நல்ல நேரத்தில் போவதற்காக. ஜெட் எங்களைக் கச்சிதமாக ராகுகாலத்துக்குள் கொண்டுபோய் விட்டது.

ஆறரைக்கே வெளிக்கிட்டுப் போய்ப் பலாலியில் இருப்போம் என்றேன். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு இரக்கம் இருந்தது. "ஜெட் பிடிச்சுப் போறவன் ரண்டு மணித்தியாலம் எயார்போட்டில காவல் கிடக்கிறதோ? பஸ் ஸ்ராண்டே அது?"

அதற்கும் சாத்திரியாரிடம் வழி இருந்தது. பரஸ்தானம். நல்ல நேரத்தில் ஆள் போக முடியாவிட்டால், ஆளுடைய பெட்டி ஒன்றை அந்த நேரத்துக்கு வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிடவேண்டும். பெட்டி படி தாண்டினால் பயணம் தொடங்கினதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்தக் கெட்ட நேரத்திலும் சாவகாசமாக வெளிக்கிட்டு, போகிற வழியில் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம்.

திங்கள் காலை ஆறே காலுக்கு, நான் குளித்து, விபூதி பூசி, மாதிரித் தூள் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வலது காலை வைத்து வெளியே இறங்கி, எதிர்வீட்டுக்குப் போய் அவர்களின் முன் விறாந்தைக் கதிரையில் வைத்தேன். அந்தத் தூள் சும்மா தூள் இல்லை. அக்கா இரண்டு நாளாக ஒருத்தரையும் சட்டிக்குக் கிட்ட விடாமல் தனியாக நின்று வறுத்தது. ஏன் இவ்வளவு கவனம் என்று நாங்கள் சொல்லவில்லை, அவ கேட்கவுமில்லை. ஆனால் வறுத்த விதத்தைப் பார்த்தால் அவவுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு நான் வீட்டுக்கு வந்து காஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். அடையாள அட்டையைப் பார்த்தேன். வயிற்றைப் பிரட்டினால் என்று தேசிக்காய் இரண்டு எடுத்தேன். பின் கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். காஸை மறுபடியும் பார்த்தேன். ஏழே முக்காலுக்கு, கார்க்காரன் ஓட்ட, மச்சானின் கார் வந்து ஹோர்ன் அடித்தது.

பலாலியில் நின்ற சாமானுக்கு இரண்டு பக்கமும் காற்றாடி இருந்தது. ஜெட் என்றால் காற்றாடி இருக்காது என்று படத்தில் பார்த்த ஞாபகம். மச்சானிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்காமல், காற்றாடி தெரியாத ஒரு கோணத்தைத் தேடிப் பிடித்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, என்னைப் படம் எடுக்கச் சொன்னார். முதல் நாலு படத்திலும் காற்றாடியின் ஒரு ஓரம் விழுந்துவிட்டது. ஐந்தாவது படம் நாங்கள் இருக்கைப் பட்டி கட்டுமுன்பே ஊருக்குப் போய்விட்டது.

எட்டு இருக்கை, நாங்கள் இரண்டு பேர். மற்ற ஆறு இருக்கையும் வெறுமையாக எங்களைப் பார்த்தன. வான் பிடித்தால் ஒரு இருக்கையை வெறுமையாக விட மனம் வராத ஊரில் பிறந்தவனுக்கு அது பெரிய சங்கடம். முறிகண்டி எந்த நேரத்தில் வரும் என்று விமானியிடம் கேட்கச் சொன்னேன். கொழும்புக்குப் போகிற எந்த வாகனமும் அங்கே நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போகாது. குறைந்தது உட்கார்ந்தபடி ஒரு கும்பிடாவது போடலாம் என்று நினைத்தேன். அது எப்பவோ கடந்துவிட்டதாம்.

விமானி இளம் பெடியன், சிரித்த முகம். திரும்பி மச்சானோடு இங்கிலிஷில் ஏதோ கதைத்தான். மச்சானும் சிரித்தார். பிறகு அவருடைய சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது.

"என்ன கேக்கிறான்?" என்றேன்.

"வெடிக்கிற தூள் கொண்டு வருவியளெண்டு சொன்னவங்களாம். அது எங்கையாம்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் எடுத்ததாக அவர் நினைத்திருக்கிறார். கார்க்காரன் எடுத்து வைத்ததாக நான் நினைத்திருக்கிறேன். எதிர்வீட்டு விறாந்தையில், கதிரையில், எங்கள் பெட்டி மகா நல்ல நேரத்தில் பயணத்தைத் தொடங்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஒருக்கால் திருப்ப முடியுமா என்று கேட்கச் சொன்னேன். மச்சான் கேட்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அக்கா இரண்டு நாள் சட்டிக்கு முன்னால் நின்ற நிலைதான் கண்ணுக்குள் நின்றது.

கொழும்பு ஓரத்து இரத்மலானையில் இறங்கினபோது எங்களைப் பார்க்க ஒருத்தரும் இல்லை. அங்கேதான் எனக்கு உறைத்தது: நாங்கள் எதில் வந்தோம் என்று பார்க்கவேண்டிய அந்தக் கம்பனி, விமானம் இறங்குகிற இடத்திலிருந்து எத்தனையோ மைல் தள்ளி, ஐந்தாம் மாடியில் இருக்கிறது. அவர்கள் பார்க்கப்போவது எங்களைக் கொண்டுபோய் இறக்குகிற ஓட்டோவை.

"வெள்ளவத்தைக்கு விடுங்கோ" என்று ஓட்டோக்காரனுக்கு நான் சொன்னேன். மச்சான் முதல் தரமாக என்னை மறுக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சாமான் விற்கிற கடை அங்கே நிறைய. எங்கள் தூளும் ஒவ்வொரு கிழமையும் இரவு பஸ்ஸில் அங்கே போகிறது. கரிநாளிலும் போகிறது, ராகுகாலத்திலும் இறங்குகிறது. ஒருநாளும் தவறினதில்லை.

மூன்றாவது கடையில் கண்டுபிடித்தோம். கீழ்த்தட்டில், சவர்க்காரத்துக்குப் பக்கத்தில், மூன்று பைக்கற். வெயில் பட்டு லேபிள் வெளிறியிருந்தது. நான் குனிந்து எடுக்க, கடைக்காரர் நல்ல மனதோடு சொன்னார்:

"ஐயா, உது அவ்வளவாய் ஓடாது. இந்தக் கம்பனித் தூளைக் கொண்டு போங்கோ. சனம் இதைத்தான் கேக்குது."

மச்சான் வாய் திறந்தார். நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன். மூன்று பைக்கற்றுக்கும் முழு விலை கொடுத்தேன். நானே அரைத்த தூளை நான் காசு கொடுத்து வாங்கினது அன்றைக்குத்தான்.

கம்பனியில் எங்களைச் சந்தித்தது நடுத்தர வயதுப் பெண் ஒருவர். கண்டிப் பக்கத்து ஆள், தமிழ் நன்றாகக் கதைத்தா. சப்பாத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பைக்கற்றை வெட்டி, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, மணந்து, நுனி நாக்கில் வைத்தா.

"நல்லா இருக்கு" என்றா. "மல்லி கருகவே இல்லை."

இது அக்காவின் காதில் விழவேண்டும் போல இருந்தது. ஆனால் மச்சான் இதற்குள் ஆறுதல் அடைந்து, நிமிர்ந்து, போனை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். காற்றாடி தெரியாத படம். இன்றைக்குக் காலையில் எங்கள் சொந்த ஏற்பாட்டு விமானத்தில்தான் வந்தோம் என்றும், வியாபார அலுவலுக்கு நாங்கள் எப்பவும் அப்படித்தான் என்றும், நேரம் எங்களுக்குப் பொன் மாதிரி என்றும் சொன்னார்.

அந்த அம்மா படத்தைப் பார்த்தா. கையில் இருந்த பேனையைக் கீழே வைத்தா. கம்பனி இந்த வருடம் ஒரு தனித் தட்டு வைக்கப்போகிறதாம். ஊர்களில் வீட்டுத் தொழிலாகச் செய்கிற சின்ன ஆட்களின் சாமானுக்கு மட்டும். பெரிய முதலாளிமாருக்கு அதில் இடமில்லையாம்.

"தனி விமானத்தில வர்ற ஆட்களுக்கு நாங்க உதவி செய்யத் தேவையில்லை தானே" என்றா. கோபமாக இல்லை. அலுவல் முடிந்தது என்கிற மாதிரி.

மச்சான் போனை எடுத்துப் பொக்கற்றுக்குள் போட்டார். அவர் வாழ்க்கை முழுக்கப் பெரிய ஆளாகத் தெரிவதற்குத்தான் பழகியிருக்கிறார். சின்ன ஆளாகத் தெரிவதற்கு அவரிடம் ஒரு சொல்லும் இல்லை.

எனக்கு அந்த இடத்தில் தைரியம் வந்ததென்று எழுதினால் அது பொய். பெரிய பயம் ஒன்று வந்து சின்னப் பயத்தைத் தள்ளிவிட்டது. திரும்பிப் போய் ஆறு பேருக்கும் முன்னால் நிற்கவேண்டும் என்பதோடு பார்க்கையில் இந்த அம்மாவின் முன்னால் கதைப்பது பெரிதாகத் தெரியவில்லை.

"அம்மா, அது எங்கடை ப்ளேன் இல்லை. வெறுமையாய்த் திரும்பிப் போன ப்ளேனில தொத்தி வந்தனாங்கள். நான் எட்டாம் வகுப்பு. நான் அரைக்கிறனான், ஆறு பொம்பிளையள் வறுக்கினம். இந்த ஓடர் இல்லையெண்டால் அவையை வீட்டை அனுப்ப வேணும். அதை நான்தான் சொல்ல வேணும், எனக்குச் சொல்ல ஏலாமல் கிடக்கு."

தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கரிநாள், பரஸ்தானம், எதிர்வீட்டுக் கதிரை, வெள்ளவத்தைக் கடைக்காரர் எங்கள் தூளை வாங்கவேண்டாம் என்று சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா சிரிக்காமல் இருக்க முயன்றது தெரிந்தது. வெட்டின பைக்கற்றைத் திருப்பி, திகதியைப் பார்த்தா.

"இது கடைத் தட்டில இருந்த தூளா?"

"ஓம் அம்மா. எத்தினை நாள் வெயிலில கிடந்துதோ தெரியாது."

மறுபடியும் மணந்து பார்த்தா. நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்லுவேன் என்றா. அடுத்த கிழமை வருகிறேன் என்றா.

நாங்கள் பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கியபோது படம் எங்களுக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் போய் வந்திருந்தது. ப்ளேன் முதலாளி என்று கோயில் சபையில் இருந்து நாலு பேர் மச்சானிடம் வந்து, ஒரு திருவிழாவை முழுதாகப் பொறுப்பெடுக்கக் கேட்டார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் என்னத்தில் போனது என்று சொல்லவேண்டி வரும்.

அதைவிடப் பெரிய கூத்து, அந்த அம்மா வருமுன் அவர் மில்லை ஏழையாக்கப் பட்ட பாடு. தான் இருந்து கணக்குப் பார்க்கிற கந்தோர் அறையில் இருந்த ஏசி மெசினைச் சாக்கால் மூடினார். காரைக் கோயில் ஒழுங்கைக்குள் கொண்டுபோய் விட்டார். புதுக் கதிரைகளை அகற்றி இருக்கப் பழைய மர வாங்கு போட்டார். தானும் ஒரு பழைய சாரம் கட்டி, எங்கேயோ இருந்து சங்கிலி இல்லாத சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் சாத்தினார். கடைசியாகப் பெண்களைக் கூப்பிட்டு, நாளைக்கு எல்லாரும் கிழிந்த பழைய உடுப்போடு வரவேண்டும் என்றார்.

அக்கா அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டா:

"ஏன் அண்ணை? எங்களைப் பாக்கக் கொழும்பில இருந்து ஆள் வரேக்கை நாங்கள் நல்ல சீலை உடுக்கக் கூடாதோ? ஏழையெண்டு காட்ட வேணுமெண்டால் எங்கடை சம்பளச் சிட்டையைக் காட்டுங்கோவன்."

மற்ற ஐந்து பேரும் சட்டிகளுக்குள் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கின. மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஆலைக்குள் போய் மெசினைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் ஒருவரும் ஒன்றும் கதைக்க முடியாது.

அடுத்த நாள் ஆறு பேரும் கோயிலுக்குக் கட்டுகிற சீலையில், பூ வைத்து வந்து வறுத்தார்கள். அந்த அம்மா மச்சானின் வாங்கில் இரண்டு நிமிடம்கூட உட்காரவில்லை. சாக்கைத் தூக்கிப் பார்த்து, பிறகு இறக்கிவிட்டா. நேரே சட்டிக்குப் போய், அக்காவுக்குப் பக்கத்தில் நின்று, எப்போது இறக்குகிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டா. அக்கா காதைக் காட்டினா. இரண்டு பேரும் பேசாமல் குனிந்து மல்லி வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். மில்லில் இருக்கிற எல்லா வயரிலும் எலி கடித்திருக்குமோ, இப்போது கரண்ட் போகுமோ, சட்டி கவிழுமோ என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பயந்து முடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. எங்கள் எண்ணத்தில் பாதிதான். நாடு முழுக்க இல்லை, சில கடைகளுக்கு மட்டும், ஆறு மாதத்துக்கு. பைக்கற்றில் வறுக்கிறவர்களின் படம் போடவேண்டும். அவர்களின் சம்பளம் எழுத்தில் இருக்கவேண்டும். மச்சான் அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார். கையெழுத்துப் போடுகிற இடத்தில், அந்த அம்மா பென்சிலால் வட்டம் போட்டு "அரைக்கிறவர்" என்று எழுதியிருந்தா. பேனையை மச்சான் என்னிடம் நீட்டினார். கூட்டெழுத்துத் தெரியாது; பள்ளிக்கூடத்தில் எழுதினமாதிரி என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.

அன்று பின்னேரம் நான் மெசினைக் கழுவிக்கொண்டிருக்க அக்கா வந்து நின்றா. கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, தைப்பொங்கலோடு இரண்டு பேரை நிற்பாட்டுகிற கதை இருந்தது தனக்குத் தெரியும் என்றா. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. என் முகம்தான் சொல்லியிருக்கும். அது மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் அவவுக்கு முன்னால்தான் நின்றது.

"இனி நிப்பாட்டிறியளோ?"

"இல்லை."

"அப்ப வேலைக்கு ஆள் போதாமல் வருமே. என்ரை தங்கச்சி சும்மாதான் இருக்கிறாள். வரச் சொல்லட்டோ?"

ஆறு மாதம் முடிந்தபிறகு என்ன செய்வது, புது ஆள் மல்லியைக் கருக்கிப்போட்டால் என்ன செய்வது, மச்சான் ஏன் கேட்காமல் எடுத்தீர் என்றால் என்ன சொல்வது என்று எனக்குள் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. கழுவின கையை உதறினேன்.

"நாளைக்கே வரச் சொல்லும்" என்றேன்.